ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தும் மூன்று அறிஞர்களும்

உயிரினங்கள் எவ்வாறு மாறின என்பது பற்றிய தொடக்கக் கொள்கைகளை ஒப்பிட வரும் நூல்கள் பலவும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. ஒருபுறம், கழுத்தை எட்டி எட்டி நீட்டியதால் நெடுங்கழுத்துப் பெற்ற ஒட்டகச்சிவிங்கி. அது லாமார்க்கின் கொள்கையாம். மறுபுறம், குறுங்கழுத்துடையவை மடிய, நெடுங்கழுத்துடையவை பிழைத்து இனம் பெருக்குகின்றன. அது டார்வினின் கொள்கையாம். முன்னது பிழை, பின்னது சரி என்று மாணவரும் மனப்பாடம் செய்துகொள்கின்றனர். மூல நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இவ்வொப்பீடு நிற்காது என்பது விளங்கும்.

லாமார்க் 1809இல் வெளியிட்ட விலங்கியல் தத்துவ நூலில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. எளிய உயிர்கள் உயிரற்ற பொருளிலிருந்து இடையறாது தோன்றுகின்றன; அவை சிக்கலான அமைப்பை நோக்கிப் படிப்படியாக ஏறுகின்றன என்பதே அவர் கொள்கையின் அடிப்படை. சூழ்நிலை மாறத் தேவை மாறும். தேவை மாறப் பழக்கம் மாறும். பழக்கத்தால் உறுப்பு மாறும். அம்மாற்றம் வழிவழி வரும் என்பது அதன் மேல் அவர் எழுப்பிய கட்டடம். 'தேவை' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் அவர் ஆண்ட சொல்லுக்கு அதுதான் பொருள். பிறரோ அதனை 'விருப்பம்' ஆக்கிவிட்டனர். விலங்கு விரும்பியது, கழுத்து நீண்டது என்று நகையாட அது வாய்ப்பாயிற்று. ஒரு சொல்லைப் பெயர்த்த வகையால் ஓர் அறிஞர் பெற்ற இழிவு இது. மொழியாசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இனி டார்வினுக்கு வருவோம். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில், ஒட்டகச்சிவிங்கியின் வால் ஈயோட்டும் கருவியாகப் பேசப்படுகிறது. கழுத்து நீண்ட வரலாறு அங்கில்லை. மிவார்ட் என்பார் 1871இல் தடை எழுப்பிய பின்னரே, 1872ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் அவ்விளக்கம் சேர்ந்தது. அதிலும், இயற்கைத் தேர்வோடு, உறுப்பைப் பயன்படுத்துவதன் பயன் வழிவழி வருவதும் சிறப்பாகத் துணைநின்றது என்றே டார்வின் எழுதினார்! வீட்டு வாத்தின் சிறகெலும்பு காட்டு வாத்தினதைவிட உடலளவுக்கு இலேசாகவும் காலெலும்பு கனமாகவும் இருப்பதற்குக் காரணம், பறத்தல் குறைந்து நடத்தல் மிகுந்தமையே என்பதும் அவர் கூற்று. பழக்கத்தால் வந்த மாற்றம் மரபாகும் என்பதில் இருவரும் ஒரு கட்சியே.

அப்படியாயின், பாடப்படத்தின் வலப்பக்கம் யாருடையது? வாலேசுடையது. 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கியவர் அவர். ஒவ்வோர் இனமும் தன்னை நெருங்கியொத்த முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியது என்னும் விதியை 1855இல் சரவாக்கிலிருந்து எழுதினார். பின்னர் டெர்னேட்டிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, 1858 ஜூலை முதல் நாள் லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வினின் குறிப்புகளோடு சேர்த்துப் படிக்கப்பட்டது. லாமார்க்கின் பெயரைச் சொல்லி மறுத்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குத் தேர்வு ஒன்றையே காரணமாகக் காட்டியது அக்கட்டுரைதான். ஆயினும் 'விருப்பம்' என்னும் பழியை அவரும் விடவில்லை. இத்துணை உறுதியாகத் தேர்வைப் பற்றி நின்றவர், 1869இல் மனித அறிவுக்கு மட்டும் அது போதாது என்று விலகியது வியப்பே.

மெய்யான வேற்றுமை கழுத்தில் இல்லை. லாமார்க் கண்டது ஏணி. டார்வின் கண்டது கிளை விரியும் மரம். அவர் நூலிலுள்ள ஒரே வரைபடமும் அதுவே. லாமார்க்கின் கொள்கையில் ஒவ்வோர் உயிரும் தானே மாறுகிறது. மற்ற இருவர் கொள்கையில், முன்னமே வேறுபட்டுப் பிறந்த பலவற்றுள் சில எஞ்சுகின்றன. மாணவர்க்குக் காட்டத்தக்க வேறுபாடு இதுவே.

வைசுமன் 1880களில் ஐந்து தலைமுறைச் சுண்டெலிகளின் வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளுக்கும் வால் இருந்தது. இதனால் லாமார்க் வீழ்ந்தார் என்பாரும் உளர். லாமார்க் பேசியது பயன்பாட்டை, வெட்டுதலை அன்று. அவருடைய மரபுக் கொள்கையைச் சாய்த்தது எலி வாலன்று. 1900இல் மெண்டலின் ஆய்வு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின் வளர்ந்த மரபியலே.