இரண்டு ‘யூ’வும் திரும்பி வந்த இரவு

திரையில் இரண்டு ‘யூ’ தெரிய வேண்டும். ஒன்றுதான் இருந்தது, பக்கத்தில் வெறும் கீழ்க்கோடு. லினக்ஸில் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம், ஒரு டிஸ்க் போய்விட்டது.

என் வீட்டு சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப். டெபியன் ஓ.எஸ். சின்ன எஸ்.எஸ்.டி.யில் தனியாக இருக்கிறது. கூடவே 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு, ரெய்டு-1 ஜோடியாக. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் விழும். அப்பா பேசிய ஒலிப்பதிவுகள், பிள்ளைகளின் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஜோடியைக் கவனித்துக்கொள்வது எம்டிஆடம் என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் நீல் பிரௌன் 2001-ல் எழுதத் தொடங்கியது. என்னிடம் ஐந்து வருடமாக ஓடுகிறது. ஒரு டிஸ்க் செத்த பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. படங்கள் வழக்கம்போலத் திறந்தன, காப்பி ஆயின, எதுவும் மெதுவாகவில்லை. எம்டிஆடம் எச்சரிக்கை மெயில் அனுப்பத்தான் செய்திருக்கிறது. ஆனால் அதே மெஷினுக்குள் ரூட் பயனரின் மெயில் பெட்டிக்கு. வெளியே நம் கைப்பேசிக்கு வர வேண்டுமானால் மெயில் செட்டிங்கை நாமே செய்திருக்க வேண்டும். ரெய்டு அமைக்கும் அன்றே இதைச் செய்து, சோதனை மெயில் ஒன்று வந்து சேர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புது டிஸ்க் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். “ரெண்டும் நாலு டிபிதான் சார், இது விலை கம்மி” என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் எஸ்.எம்.ஆர். ரகம். ஓடு வேய்வதுபோல் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி அமர்ந்திருக்கும். ஓரிடத்தை மாற்றி எழுத, பக்கத்தில் உள்ளதையும் திருப்பி எழுத வேண்டும். எப்போதாவது கோப்பு போட்டு வைக்க அது போதும். ரெய்டில் மணிக்கணக்காக விடாமல் எழுதும்போது சில மாடல்கள் திணறிப்போகும். கூடக் கொடுத்து, டிராக்குகள் அப்படி ஏறி அமராத சி.எம்.ஆர். டிஸ்க்கையே வாங்கினேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதியது பழையதைவிட ஒரு செக்டர் குறைந்தாலும் சேராமல் போகலாம். நல்லவேளையாக, இன்று வரும் 4 டெராபைட் டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஒரே கணக்குதான்: 7,814,037,168 செக்டர்.

டிஸ்க் கைக்கு வந்ததும் மாட்டிவிடத்தான் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ரீபில்ட் என்பது, மிஞ்சியிருக்கும் ஒரே டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படித்து மற்றதில் எழுதுவது. அந்த டிஸ்க்குக்கும் அதே வயது, அதே வெயில் காலங்கள். வருடக்கணக்காக யாரும் தொடாத மூலையில் ஒரு செக்டர் கெட்டிருந்தால், அது தெரியவருவதே அப்போதுதான். ஜோடி இருந்தபோது ஒன்றில் படிக்க முடியாததை மற்றதிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளும். இப்போது எடுக்க ஆளில்லை. அதனால் முதலில், இழக்கவே முடியாத 600 ஜிகாபைட்டை வெளி டிஸ்க் ஒன்றுக்குக் காப்பி செய்தேன். அடுத்து, மிஞ்சிய டிஸ்க்குக்கு ஸ்மார்ட் நீளச் சோதனை. பரப்பு முழுவதையும் அது தானே படித்துப் பார்த்துக்கொள்ளும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. படிக்கத் திணறும் செக்டர்களைச் சொல்லும் 197-ஆம் எண்ணுக்கு நேரே சுழியம். அதைப் பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் தொட்டேன்.

எந்த டிஸ்க்கைக் கழற்றுவது? எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று லினக்ஸ் வைக்கும் பெயரை நம்பக் கூடாது. மெஷினை அணைத்துப் போட்டால் மாறிவிடலாம். சீரியல் எண்தான் மாறாதது. உயிரோடு இருக்கும் டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். செத்ததன் எண் பழைய பில்லில் இருந்தது. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தால், லேபிள் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. டிரேயோடு வெளியே இழுத்து, தாளையும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாக இரண்டு முறை படித்தேன். நல்ல டிஸ்க்கைத் தவறிக் கழற்றுவதுதான் இந்த வேலையில் மனிதர்கள் செய்யும் பெரிய தப்பு. இப்போது இரண்டு டிரேயின் முன்பக்கத்திலும் அந்த நான்கு எழுத்தை ஒட்டிவைத்திருக்கிறேன்.

மாட்டிய பிறகு வேலை சுருக்கம். பார்டிஷன் அமைப்பைப் பழைய டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்து, எம்டிஆடத்துக்கு ‘ஆட்’ என்று ஒரே ஒரு கட்டளை. இரவு ஒன்பது மணிக்கு ரீபில்ட் தொடங்கியது. நொடிக்கு 175 மெகாபைட். எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எத்தனை நிமிடம் என்று ஒரு வரியில் தெளிவாகக் காட்டுகிறது. தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும். கடைசியில் 85-க்கு வந்தது. அது கோளாறு இல்லை, எல்லா ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான்.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. அப்போது 57 சதவீதம். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கி, மெஷினை முறையாக அணைத்தது. 1.40-க்குக் கரண்ட் வந்து நான் மெஷினைப் போட்டபோது, ரீபில்ட் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. எம்டிஆடம் நிர்வகிக்கும் லினக்ஸின் ரெய்டு பகுதியான எம்டி, எவ்வளவு முடிந்தது என்பதை டிஸ்க்கிலேயே குறித்துவைக்கிறது. இந்த மென்பொருள்மேல் எனக்கு முழு மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான். ஆறு மணிக்கு மீண்டும் இரண்டு ‘யூ’.

ஒரு குறை இன்னும் இருக்கிறது, அது சின்னதல்ல. இரண்டு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று எம்டிக்குத் தெரியாது. வேறுபாட்டை எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் கெட்ட பிரதியைக் கண்டுபிடித்துத் திருத்தும். புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே எம்டி வைத்திருப்பவர் மாற வேண்டியதில்லை. டெபியன் மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறன்று, முழுச் சோதனை ஓட்டும்படி அமைந்திருக்கிறது. அதை நிறுத்தாமல் இருங்கள். ரீபில்ட் முடிந்ததும் நானும் கையால் ஒருமுறை ஓட்டினேன். வேறுபாடு சுழியம்.

மிஞ்சிய பழைய டிஸ்க்கையும் மாற்றப் போகிறேன். அதற்கு எம்டிஆடத்தில் ‘ரிப்ளேஸ்’ என்று தனிக் கட்டளை உண்டு. மூன்றாவது சாட்டா கேபிளில் புதியதைச் செருகினால், பழையது ஜோடியில் இருக்கும்போதே அதன் பிரதி தயாராகி, முடிந்த பிறகுதான் பழையது விலகும். ஒரு நிமிடம்கூட ஒற்றை டிஸ்க்கில் நிற்க வேண்டியதில்லை. கேபிள் வாங்கி வைத்துவிட்டேன்.