சீருடையைக் கழற்றிய பின்

நமது சிற்றேடுகளில் பூக்கோ என்றால் மிஷேல் பூக்கோதான். நான் எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி. ஷார்ல் து பூக்கோ (1858–1916) பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரியாக இருந்து கத்தோலிக்கத் துறவியானவர். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.

1882இல் இராணுவத்தை விட்டு விலகிய அவர், 1883–84இல் யூத ரப்பி வேடத்தில் மொறோக்கோவைச் சுற்றினார். அந்தப் பயணத்தின் நூல் 1888இல் வெளிவந்தது. அதன் பிரெஞ்சுத் தலைப்பிலுள்ள 'ரெகொனேசான்ஸ்' என்ற சொல்லுக்குப் படைக்கு முன் சென்று வேவு பார்த்தல், அடையாளங் காணல், நன்றியறிதல் என மூன்று பொருள்கள் உண்டு. இந்த மூன்றையும் வைத்தே அவரை வாசிக்கலாமென நினைக்கிறேன்.

அந்நூலில் மேலோங்கி நிற்பது முதற் பொருளே. பாதைகளும் மலைகளின் உயரங்களும் அளக்கப்பட்டுள்ளன. எந்தக் கோத்திரத்திடம் எத்தனை துவக்குகள், எத்தனை குதிரைகள் என்ற கணக்கும் உண்டு. சீருடை போயிற்று, அதிகாரியின் கண் போகவில்லை.

ஆனால், முஸ்லிம்களின் இறைபக்தியைக் கண்டு தன் உள்ளம் அதிர்ந்ததை 1901இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1886இல் தன் மதத்துக்குத் திரும்பிய அவர், 1890இல் டிரப்பிஸ்ட் மடத்தில் சேர்ந்தார். 1897இல் அதையும் விட்டு வெளியேறினார். 1905 முதல் சஹாராவின் தமன்ராசெத்தில் துவாரக் மக்களிடையே வாழ்ந்தார்.

அங்கேதான் இரண்டாவது பொருள் கைகூடியது. துவாரக் மொழிக்கு அகராதி தொகுத்தார். அம்மக்களின் கவிதைகளை, பாடியவர் யார், பாடிய சந்தர்ப்பம் எது என்ற குறிப்புகளோடு எழுதிவைத்தார். அவர் இறந்த பின்பே இரண்டும் அச்சேறின. வேவு பார்த்த கை ஒரு சமூகத்தின் குரலுக்கு எழுதுவினைஞராகிய இடம் அது.

மூன்றாவது பொருளில்தான் எனக்கு மனக்குறை. 1908இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, பஞ்சத்தின் நடுவிலும் ஆட்டுப்பால் தேடிக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் துவாரக் முஸ்லிம்கள். 1916இல் எழுதிய கடிதமொன்றிலோ, முஸ்லிம்கள் கிறிஸ்தவர்களானாலன்றி உண்மையான பிரெஞ்சுக்காரராக முடியாது என்கிறார். நன்றி கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவர்களை அவர்களாகவே இருக்கவிடும் நன்றி அவருக்கு வாய்க்கவில்லை.

புனிதர் என்பதற்காக அவரைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம், காலனித்துவவாதி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். நாம் தேடி வாசிக்க வேண்டியது அந்தத் துவாரக் கவிதைகளை. அவற்றில் பேசுபவர்கள் அம்மக்களே.