கார்னகி மன்றத்தில் ஒரு மாவுப் பாட்டு

1962 டிசம்பர் 8 அன்று நியூயார்க் கார்னகி மன்றத்தில் லெஸ்டர் பிளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் குழுவினர் நிகழ்த்திய 'புளூகிராஸ்' கச்சேரியின் இசைத்தட்டில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு கூச்சல். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புற இசை பெருநகர மேடையில் ஒலித்த அவ்விரவில், ரசிகர்கள் கூவிக் கேட்டது மார்த்தா ஒயிட் மாவின் விளம்பரப் பாட்டை! 1953 முதல் அக்குழுவின் வானொலி நிகழ்ச்சிகளை நடத்துவித்தது அந்நிறுவனமே. நம் சபாக்களில் துக்கடாவுக்குச் சீட்டு அனுப்புவார்களே, அதைப் போல.

நகரத்தாரின் கேலியோ என்று முதலில் ஐயுற்றேன். ஆனால் பாடியவர்கள் நாணவில்லை. முழு மனத்தோடு பாடினர். கேலி இருந்திருப்பினும் அங்கேயே கரைந்துபோயிற்று.

ஸ்க்ரக்ஸின் மூவிரல் மீட்டில் பாஞ்சோ மணிமணியாய்ச் சிதறுகிறது. விரைவே வித்தையாகிவிடும் சில இடங்கள் எனக்கு உவப்பில்லை. கிறித்துவ பக்திப் பாடல்களுக்கு அவர் பாஞ்சோவை வைத்துவிட்டுக் கிதாரை எடுப்பது அக்குழுவின் வழக்கம். கருவி அடங்க, குரல்கள் ஒன்றையொன்று தாங்கி எழும். இந்த அடக்கம் தட்டில் இன்னும் மிகுந்திருக்கலாம்.

1963-இல் சுருங்கிய வடிவில் வந்த இக்கச்சேரி, 1998-இல் முழுமையாக வெளிவந்தது. கேட்க விரும்புவோர் அதையே தேடுக.