4,431 பேர் சொன்னதும் கொழும்பு தந்த தீர்ப்பும்

சேர்வராயன் கோயில் ஒரு மலைக்குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். வாசல் தாழ்வானது. அமைச்சரானாலும் காப்பித் தோட்டக் கூலியானாலும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும். இந்த மலையும் இதன் அடிவாரத்து ஊர்களும் சேர்ந்ததுதான் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 2013 டிசம்பர் 4 அன்று இங்கே நடந்த இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டு வாக்காளர் முதன்முதலாக நோட்டா பொத்தானைப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வாக்களித்தார்கள். அதிமுக வேட்பாளர் 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 4,431 பேர் யாரும் வேண்டாம் என்று அழுத்தினார்கள். நூற்றுக்கு இரண்டு பேர்தானே என்று அந்த எண்ணைக் கடந்து போவது எளிது. ஆனால் அரசியல்வாதியின் தவறுக்குத் தண்டனை உண்டு என்று மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் நம்பினார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. 'யார் வந்தாலும் இதே கதைதான்' என்று சொல்பவரும் வரிசையில் நின்று வாக்களிக்கத்தான் செய்கிறார். சாலையும் ரேஷனும் சாதிச் சான்றிதழும் அந்த வாக்கோடு கட்டப்பட்டிருக்கின்றன. அவநம்பிக்கை வாக்களிப்பதில் இல்லை, வாக்களித்த பிறகு எதையும் எதிர்பார்க்காததில் இருக்கிறது.

இந்த அவநம்பிக்கையை மக்களின் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது தவறு. கண்ணால் கண்டதிலிருந்து அவர்கள் எடுத்த நியாயமான முடிவு அது. இந்தியாவையும் இலங்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். இந்தியச் சட்டம் பதவியில் இருப்பவரையே எட்டிப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. இலங்கைச் சட்டம் சில ஆண்டுகளிலேயே தீர்ப்புக்கு வந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் நாற்காலியை விட்டு இறங்கியவர் மேல். இரண்டு இடத்திலும் பாதிப் பாதி நீதி கிடைப்பதால்தான் இரண்டு இடத்திலும் மக்கள் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள்.

முதலில் மறுப்பைச் சொல்லும் உரிமை. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் 49-ஓ விதிப்படி, எவருக்கும் வாக்களிக்கவில்லை என்று வாக்குச்சாவடி அலுவலரிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊரில் நாளை முகம் பார்க்க வேண்டிய ஒருவருக்கு அது உரிமையே அல்ல. இலங்கையில் இன்றும் அப்படி ஒரு பொத்தானோ கட்டமோ இல்லை. வெறுப்படைந்தவர் சீட்டைக் கெடுத்துப் போடுகிறார், அது 'நிராகரிக்கப்பட்ட வாக்கு' என்ற கணக்கில் போய்ச் சேர்கிறது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அப்படி 3,00,300 சீட்டுகள், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 6,67,240. விருப்பு வாக்கு முறையின் சிக்கலால் வரும் பிழைகளும் இதில் உண்டு. எது கோபம், எது கைத்தவறு என்று பிரித்தறிய வழியில்லை. இந்தியா அந்தக் கோபத்தைத் தனியே எண்ணுகிறது. ஆனால் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. நோட்டா முதலிடத்துக்கே வந்தாலும், அதிக வாக்கு பெற்ற வேட்பாளர்தான் வென்றவர்.

ஆகவே நீதிமன்றத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் பிரசாரம் நடந்தபோது அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூரில் நடந்துகொண்டிருந்தது. 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக்காலம் பற்றிய அந்த வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்றுதான் தீர்ப்பு வந்தது. தண்டனை பெற்றதும் முதலமைச்சர் பதவி போயிற்று. தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் நீடிக்க முடியாது என்று 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பதவியில் இருக்கும்போதே அப்படித் தகுதியிழந்த முதல் முதலமைச்சர் அவர்தான். இது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. 2003இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே வழக்கை நடத்தும் நிலை அதனால் ஒழிந்தது. ஆனால் 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரையும் உடன் குற்றம் சாட்டப்பட்ட மூவரையும் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தபோது ஜெயலலிதா உயிரோடு இல்லை, அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போயிருந்தது. வழக்கு தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபது வயது. அந்த இளைஞரிடம் 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று எப்படிச் சொல்வது?

இலங்கையில் கடிகாரம் வேறு. அங்கே உயர் நீதிமன்றம் என்று அழைக்கப்படும் தலைமை நீதிமன்றத்திடம், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறலுக்காக எந்தக் குடிமகனும் நேரடியாகப் போகலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12 அன்று அந்த நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசுக் கருவூலம் அல்ல, சொந்தப் பை. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் மஹிந்த, கோட்டாபய ஆகிய ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. சொந்தப் பையிலிருந்து கட்டவைப்பது இந்தியாவிலும் ஒருமுறை நடக்கப் பார்த்தது. பெட்ரோல் நிலைய ஒதுக்கீட்டுக்காக முன்னாள் மத்திய அமைச்சர் சதீஷ் சர்மா 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 1999இல் அதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் இலங்கைத் தீர்ப்புகள் வந்தபோது சிறிசேனவும் கோட்டாபயவும் ஜனாதிபதிகளாக இல்லை. கோட்டாபய 2022 ஜூலையில் மக்கள் வெள்ளத்துக்கு அஞ்சி நாட்டைவிட்டே ஓடியிருந்தார். ஆட்சியிலிருப்பவர் மேல் குற்றவழக்கு என்றால் தடை அங்கே தெரிகிறது. சட்டமா அதிபர் அரசின் சட்ட ஆலோசகர், அவரே வழக்குத் தொடுநரும். ஒற்றையாட்சி நாட்டில் வழக்கை மாற்ற இன்னொரு மாநிலமும் இல்லை.

மக்கள் மன்றத்தின் தீர்ப்பே போதாதா, தேர்தலில் தோற்பதே தண்டனைதானே என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2015இல் மஹிந்த ராஜபக்ச தோற்றார். அடுத்த ஆட்சி விசாரணைகளைத் தொடங்கியது, பெரும்பாலானவற்றை முடிக்கவில்லை. 2019இல் அதே குடும்பம் திரும்பி வந்தது. தோல்வி ஒருவரை இறக்கும், அவர் செய்தது குற்றமா இல்லையா என்று தீர்மானிக்காது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வேகமான விசாரணை பழிவாங்கலாகும் என்பார்கள். 1980இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சியில் விசேட ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றின் வழியாகச் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அதை எவரும் நீதி என்று கொண்டாடவில்லை. ஆனால் அங்கே பிழை வேகத்தில் இல்லை. ஆணைக்குழுவை அமைத்ததும் ஆட்சி, முடிவால் பயன் பெற்றதும் ஆட்சி. தாமதம் பழிவாங்கலைத் தடுத்ததும் இல்லை. தீர்ப்பில்லாமல் தொங்கும் வழக்குதான் ஆள்பவர் கையில் மிரட்டும் கயிறாகிறது.

நீதிமன்றம் வராத இடத்துக்கு மக்கள் வேறு வாசல் தேடிப் போகிறார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநீதி இழைக்கப்பட்டவர் அம்மியில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார். இலங்கையின் தென்கரையில் சீனிகம தேவாலயத்திலும் வஞ்சிக்கப்பட்டவர்கள் கல்லில் மிளகாய் அரைத்து முறையிடுகிறார்கள். கடல் நடுவே கிடக்க, கைகள் ஒரே வேலையைச் செய்கின்றன. நீதி வேண்டாம் என்றவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள். அது கிடைக்கும் இடம் அரசாங்கம் அல்ல என்று முடிவு கட்டியவர்கள்தான் செய்வார்கள்.

இந்த முடிவை மாற்ற இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்க வேண்டும். ஆள்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் வழக்கு நடப்பது இந்தியா காட்டிய வழி. அதை இலங்கை சுதந்திரமான வழக்குத்தொடுநர் அலுவலகமாக்கிக்கொள்ள வேண்டும். பொறுப்பானவரின் சொந்தப் பையிலிருந்து, சில ஆண்டுகளுக்குள், இழப்பீடு என்பது இலங்கை காட்டியது. அதை இந்தியா துணிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வாக்காளர் கையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இந்தியாவில் ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதுள்ள குற்றவழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும், அது எல்லோரும் படிக்க வெளியிடப்படுகிறது. அடுத்த முறை மலையேறி வாக்குக் கேட்க வருபவரிடம் என்ன தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், உங்கள் வழக்கு எந்த ஆண்டு தொடங்கியது, ஏன் இன்னும் முடியவில்லை என்று கேளுங்கள்.