வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற டெவலப்பர்

பிலிம் கேமராவை மறுபடியும் கையிலெடுத்திருக்கும் இளைஞர்களுக்குப் படம் எடுப்பதைவிட, எடுத்த ரோலைக் கழுவுவதுதான் பெரிய சிக்கல். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ பிலிமைத் தந்துகொண்டிருந்த காலத்தில், சிற்றூர் ஸ்டூடியோக்களிலும் டார்க் ரூம் இருந்தது. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்பைட் ஆகியவற்றைத் தராசில் நிறுத்து டெவலப்பர் கலக்குவது அன்றைய ஸ்டூடியோ வேலையின் ஒரு பகுதி. பிறகு அந்த ஆலையும் மூடப்பட்டது. இன்று ரோல் இங்கிலாந்திலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வருகிறது. அதைக் கழுவும் மருந்தும் கடல் கடந்து வரக் காத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். ஆனால் எதைக் கலப்பது என்பதை அடுப்படியில் எது கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்வது தவறு. திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி போன்ற ஊரில் அதை முடிவு செய்ய வேண்டியவை வெயிலும் போர்வெல் தண்ணீரும்தான்.

அதிகம் பேசப்படும் காபி டெவலப்பரை முதலில் பார்ப்போம். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் இதைச் செய்து காட்டினார்கள். வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. இப்போது பரவலாகப் புழங்கும் அளவு, ஒரு லிட்டருக்கு இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். காபியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தில் உடைந்து கஃபெயிக் அமிலமாகிறது. பிலிமில் வெள்ளியைக் கறுக்க வைப்பது அதுதான். காஃபீனுக்கு அதில் பங்கில்லை. பள்ளி மாணவர்களுக்கு வேதியியலைக் கண்முன் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. தாண்டிக்குடி மலையில் காபி விளையும் மாவட்டத்தில் இதன் மேல் ஆசை வருவதும் இயல்பு.

ஆனால் திரும்ப எடுக்க முடியாத படம் உள்ள ரோலுக்கு இதை நம்பக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது. சிக்கரி எவ்வளவோ, காபி அவ்வளவு குறைவு. சோடாவில் இன்னும் பெரிய குழப்பம். நீரற்ற சோடா 54 கிராமுக்கு ஈடாகப் படிகச் சோடா ஏறத்தாழ 146 கிராம் வேண்டும். மளிகைக் கடைப் பாக்கெட்டில் இருப்பதோ பாதி காய்ந்த படிகம். அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தராசு சொல்லாது. அடுத்தது தண்ணீர். சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் இவ்வளவு சோடாவைக் கொட்டினால் கரைசல் பால்போல் வெளுத்துப் படிவு இறங்கும்; அது பிலிமில் ஒட்டும். தண்ணீரில் இரும்போ செம்போ இருந்தால் வைட்டமின் சி வேகமாகக் கெடும். ஹைட்ரோகுயினோன் டெவலப்பர் பழுப்பேறித் தன் நிலையைக் காட்டிவிடும். வைட்டமின் சி டெவலப்பர் நிறம் மாறாமலேயே செயலிழந்துவிடும். சிறு மாற்றம் தெரிந்தாலும் காபியின் கறுப்பு அதை முழுதாக மறைத்துவிடும்.

பாரசிட்டமால் மாத்திரையில் செய்யும் டெவலப்பர் இரண்டாவது. 1891இல் வந்த ரோடினாலின் உறவு இது. காஸ்டிக் சோடா பாரசிட்டமாலை உடைத்துப் பாரா அமினோபீனால் ஆக்குகிறது. மூன்று நாள் வைத்திருந்தால் கரைசல் தயார். நெடுநாள் கெடாது, ஒன்றுக்கு ஐம்பது பங்கு தண்ணீர் சேர்த்தாலும் வேலை செய்யும் என்பன இதன் உண்மையான பலங்கள். படத்தில் மணல்போன்ற துகள் (கிரெயின்) தூக்கலாகத் தெரியும் என்பது குறை. அதைவிடக் கவலை தருவது காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் அதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது பழைய ஸ்டூடியோ வழி. 1920களில் கோடாக் தந்த டி-76இல் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெண்காரம் 2. உலகம் முழுக்க அளவுகோலாக நிற்கும் சூத்திரம். ஆனால் புட்டியில் நாள்பட இருந்தால் காரம் ஏறி வேகம் கூடும். 1944இல் வந்த டி-23 இன்னும் எளிது: மெட்டால் 7.5 கிராம், சல்பைட் 100 கிராம், அவ்வளவுதான். ஹைட்ரோகுயினோனின் வேகம் வெப்பத்தோடு பெரிதாக ஏறி இறங்கும். மெட்டாலுக்கு அந்த ஆட்டம் குறைவு. வெயில் பூமிக்கு டி-23ஐ நான் முன்வைக்க முதல் காரணம் இது. கலக்கும்போது சுண்டுவிரல் நுனியளவு சல்பைட்டை முதலில் போட்டு, பிறகு மெட்டாலைக் கரைத்து, கடைசியில் மீதிச் சல்பைட்டைப் போட வேண்டும். சல்பைட் நிறைந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது.

இரண்டாவது காரணம் நேரம். 20 டிகிரியில் ஏழரை நிமிடம் பிடிக்கும் ரோல் 24 டிகிரியில் ஏறத்தாழ ஐந்திலேயே முடிந்துவிடும். ஐந்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக விழும். டி-23ஐ ஒன்றுக்கு மூன்று தண்ணீர் சேர்த்தால் நேரம் நீளும். கோடையிலும் நிதானமாகக் கழுவலாம். ஐஸ்கட்டி போட்டு டெவலப்பரை 20க்கு இறக்குவது பாதித் தீர்வுதான். சித்திரை நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பட்டால் குளிர்ந்த ஜெலட்டினில் சுருக்கம் விழுந்து வலைபோல் வெடிக்கும். எல்லாக் கரைசலையும் கழுவும் நீரையும் ஒரே 25, 26 டிகிரியில் வைத்து, விடியற்காலையில் கழுவுவதே நல்லது. டெவலப்பருக்கும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர் போதும்; இடையில் போர்வெல் தண்ணீர் தாராளமாக ஓடட்டும்.

இந்த வழியிலும் குறைகள் உண்டு. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். மெட்டால் சிலர் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும், கையுறை கட்டாயம். திறந்து வைத்த சல்பைட் காற்றுப்பட்டுச் சல்பேட் ஆகிவிடும்; பிறகு அதனால் டெவலப்பரைக் காக்க முடியாது. கடையில் ‘சல்பேட்’ டப்பாவைத் தவறுதலாக எடுத்துக் கொடுப்பதும் நடக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். முக்கியமாக, கலக்கியதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். வாய்வரை நிரப்பிய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், பெயரும் தேதியும் எழுதி, பூட்டிவையுங்கள். டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. அதைக் கிணற்றுப் பக்கமோ வயலிலோ கொட்டக் கூடாது.

காபி வகுப்பறைக்கு நல்லது. பாரசிட்டமால் அனுபவசாலிக்கு மட்டும். கல்யாணப் படமோ தாத்தாவின் முகமோ உள்ள ரோலுக்கு டி-23. அதுவும் ரோலின் முனையை ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட்டு, சில நிமிடத்தில் கறுக்கிறதா என்று பார்த்த பிறகே டேங்கில் ஊற்றுங்கள்.