பேழையும் ஓலையும்

களமருதூர்ப் பகுதியில் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படும் வினா ஒன்றுண்டு: “சாமி, உடன்படிக்கைப் பேழையைக் கண்டெடுத்துவிட்டார்களாமே, உண்மையா?” கேட்போரின் ஆவலை நாம் இகழவில்லை. ஆயினும் அந்த ஆவலே ஏமாற்றுவோரின் மூலதனம் என்பதை உணர்தல் வேண்டும்.

1982-இல் அமெரிக்கரான ரான் வயட், எருசலேமில் கல்வாரிக்கு அடியிலுள்ள குகையொன்றில் பேழையைக் கண்டதாகக் கூறினார். 1999-இல் அவர் மறைந்தார். அதுவரை தெளிவான நிழற்படம் ஒன்றுகூட வெளிவரவில்லை. அறிஞர் எவரும் பேழையைச் சோதிக்கவில்லை. சொன்னவரின் சொல்லே சான்றாக நின்றது.

அயலாரைக் குறைகூறுமுன் நம் இல்லத்தையும் நோக்குவோம். 1970-களில் சென்னை–மயிலைப் பேராயர் இரா. அருளப்பா அவர்களிடம் ஒருவர் வந்தார். புனித தோமாவும் திருவள்ளுவரும் சந்தித்தனர் என்பதற்கு ஓலைச் சான்றுகள் தேடித் தருவதாகச் சொன்னார். அதற்கென ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய் அவர் கைக்குப் போயிற்று. சான்றுகளோ போலி. 1986-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. பேராயரின் தமிழ்ப்பற்றை நாம் ஐயுறவில்லை. அப்பற்றின் வழியாகவே வஞ்சகம் உள்ளே புகுந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

பிழையை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. வாஷிங்டன் விவிலிய அருங்காட்சியகம், தன்னிடமிருந்த சாக்கடல் சுருள் துண்டுகள் 16-ஐயும் ஆய்வுக்கு உட்படுத்தி, அனைத்தும் போலியே என 2020-இல் தானே அறிவித்தது. உண்மையை அஞ்சாத நெஞ்சுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விவிலியமே நம்மை எச்சரிக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். எரேமியா பேழையை மலைக்குகையில் மறைத்ததாக அங்கே வாசிக்கிறோம். வழியை அடையாளமிட முயன்றவர்களை இறைவாக்கினர் கடிந்துகொள்கிறார். அவர் பெயரால் வழங்கும் நூலின் மூன்றாம் அதிகாரமோ, பேழையை எவரும் நினையாத, தேடாத நாள் வரும் என்கிறது. அவ்வாறிருக்க, பேழை கிடைத்தால்தான் விசுவாசம் நிலைக்கும் என எண்ணுவது என்ன நியாயம்?

எனவே, இத்தகைய செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: கண்டவர் யார்? தொடர்பில்லாத பிறர் அதைச் சோதித்தனரா? பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது? விடை கிடைக்கும்வரை உண்டியலைத் திறக்க வேண்டாம்.

நம் சிற்றூர்க் கோவிலிலும் பேழை ஒன்று உண்டு. அதனருகே விளக்கு எரிகிறது. தொலைந்த பேழையைத் தேடி அலையும் நாம், அந்த நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டு எத்தனை நாளாயிற்று?