குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும்: ‘மாஸ் எஃபெக்ட் 3’ பெற்ற வரவேற்பு

ஒரு படைப்பைப் பற்றி அறிஞர் ஒன்று கூற, சுவைப்போர் பிறிதொன்று கூறுதல் புதுவதன்று. ஆயின், ஒரே காலத்தில் ஒரு சாரார் ஒரு படைப்பைத் தலைமேற் கொண்டு போற்றவும், மற்றொரு சாரார் அதன் இறுதிப் பகுதியை மாற்றித் தருமாறு ஆக்கியோரிடமே வழக்காடவும் நேர்தல் அரிது. 2012ஆம் ஆண்டில் ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்னும் அறிவியல் புனைவுக் காணொளி விளையாட்டிற்கு அந்நிலை நேர்ந்தது. அவ்வழக்கில் இரு சாராரும் எதனைப் பற்றிப் பேசினர் என்பதனை ஈண்டு ஆராய்வாம். காணொளி விளையாட்டு இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ என ஐயுறுவார் உளர். இயலோடு இசையையும் கூத்தையும் ஒருங்குவைத்து எண்ணிய மரபினர்க்குக் கதையும் மாந்தரும் உரையாடலும் உடைய இப்புதுக்கூத்து அயலதாகத் தோன்ற வேண்டுவதில்லை.

கனடா நாட்டின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் இத்தொடரை ஆக்கியது. முதற்பகுதி 2007ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 2010ஆம் ஆண்டிலும், மூன்றாம் பகுதி 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாளிலும் வெளிவந்தன. ரீப்பர் எனப்படும் பேரெந்திரங்கள் 50,000 ஆண்டிற்கு ஒருமுறை தோன்றி, விண்மீன் மண்டலத்தில் வளர்ந்து முதிர்ந்த உயிரினங்களை எல்லாம் அறுவடை செய்கின்றன. அவ்வழிவைத் தடுக்க முயலும் படைத்தலைவன் ஷெப்பர்ட். ஆடுபவர் விரும்பின் அத்தலைவனைப் பெண்ணாகவும் கொள்ளலாம். இத்தகைய விளையாட்டை ஆடுவோரை ‘ஆடுநர்’ என இக்கட்டுரையில் குறிப்போம். போரிடுதல் மட்டும் ஆடுநர்தம் தொழிலன்று. யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது, யாது மறுமொழி கூறுவது என்பனவற்றையும் அவரே தேர்ந்துகொள்கின்றார். முதற்பகுதியில் தேர்ந்தது இரண்டாம் பகுதிக்கும், இரண்டாம் பகுதியில் தேர்ந்தது மூன்றாம் பகுதிக்கும் சேமிப்புக் கோப்பின் வழியே எடுத்துச் செல்லப்படும். முன்னர் இறக்கவிட்ட ஒருவர் பின்னர் வாரார். அவர் இருந்திருப்பின் நிகழ்ந்திருக்கக் கூடியதும் நிகழாது. இத்தொடரின் தனிச்சிறப்பு இதுவே. ஐந்தாண்டு காலம் ஆடுநரும் ஆக்கியோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டினர் என்னும் உணர்வை இவ்வமைப்பு விளைத்தது.

மதிப்புரையாளர் மூன்றாம் பகுதியை உவந்து வரவேற்றனர். மதிப்புரைகளைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு 100க்கு 93 பெற்றது. அப்பாராட்டு தகுதியற்றதன்று. டச்சங்கா என்னும் கோளில் குரோகன் இனத்தாரின் மகப்பேற்றைக் குறைக்கும் நோயை நீக்குதற்கு மோர்டின் என்னும் அறிவியலார் உயிர்விடும் பகுதி, அவலச்சுவை அமைந்த பகுதிகளுள் ஒன்றாக எவ்வகைக் கலையிலும் வைத்தெண்ணத் தக்கது. அந்நோய் மீண்டும் வலுப்பெற முற்பகுதியில் உதவியவர் அவரே என்பதும், அவர்தம் குற்றவுணர்வை ஆடுநர் முன்னரே அறிந்திருத்தலும் அவ்வவலத்திற்கு ஆழம் தருகின்றன. விளையாட்டு வெளியான அன்றே ஒரு துணைமாந்தரைத் தனிவிலைக்கு விற்றமை ஆடுநரிடையே கசப்பை விளைத்தது. அது வணிகத்தின் பாற்பட்டதாகலின் அதனை விரிக்காது மேற்செல்வாம்.

ஒன்று மட்டும் ஈண்டுக் கருதத் தக்கது. கதையின் முடிவை வெளியிடாமை மதிப்புரையாளர்தம் மரபு. படிப்போரின் ஆர்வத்தைக் காக்கும் நன்மரபு அதுவாயினும், ஒரு படைப்பின் முடிவே குறையுடையதாகும்பொழுது, அக்குறையை வெளிப்படக் கூற இயலாத நிலையில் அவரை நிறுத்திவிடுகின்றது. ஆகவே, மதிப்புரையாளர் மதிப்பிட்டது பெரும்பாலும் முப்பது மணிநேரத்து ஆட்டத்தை. ஆடுநர் மதிப்பிட்டது அதன் இறுதிப் பத்து நிமிடத்தை. இரு தீர்ப்புகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன என்பதினும், இரு வேறு பொருள்களைப் பற்றி எழுந்தன என்பதே பொருந்தும்.

அவ்விறுதிப் பகுதி வருமாறு. ஷெப்பர்ட் பெருங்காயமுற்றுச் சிட்டடல் என்னும் விண்நிலையத்தின் உச்சியை அடைகின்றான். ஆங்குக் கேட்டலிஸ்ட் எனப்படும் அறிவு ஒரு சிறுவன் வடிவில் தோன்றுகின்றது. ரீப்பர்களை இயக்குவது தானே என்றும், படைக்கப்பட்ட எந்திரங்கள் தம்மைப் படைத்தோரை என்றும் எதிர்க்குமாதலின் அப்பேரழிவைத் தவிர்க்கவே அறுவடை நிகழ்கின்றது என்றும் உரைக்கின்றது. பின்னர் மூன்று வழிகளைக் காட்டுகின்றது: ரீப்பர்களையும் ஏனைய எந்திர உயிர்களையும் அழித்தல், ரீப்பர்களை அடக்கி ஆளுதல், உயிரையும் எந்திரத்தையும் ஒன்றாகக் கலத்தல். சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறம் வேறுபட, அதன்பின் வரும் காட்சிகள் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்தன. முடிவு அ, ஆ, இ என எண்ணிச் சொல்லத்தக்க முறையில் அமையாது என்னும் கருத்துப்பட இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டிற்கு முன்னர்ப் பேட்டியில் கூறியிருந்தார். அக்கூற்றை ஆடுநர் மறவாதிருந்தனர்.

நூற்குற்றம் பத்தினுள் குன்றக் கூறலையும் மாறுகொளக் கூறலையும் நம் இலக்கண நூலார் தனித்தனியே வைத்து எண்ணினர். அவர் கூறியது இலக்கண நூல் போன்றவற்றிற்கேயன்றிக் கதைக்கன்று. எனினும் அவ்விரண்டையும் இங்குக் கடன்கொள்ளுதல் பயனுடைத்து. ஏனெனில், இவ்வழக்கில் எழுந்த கூச்சலினூடே இரு குறைகள் ஒன்றாகக் கலந்து ஒலித்தன. அவற்றைப் பிரித்துக் காணாமையே வழக்கு நேரிய தீர்ப்பைப் பெறாமைக்குக் காரணம் என்பது நம் கருத்து.

குன்றக் கூறல் எளிதிற் புலப்படுவது. சற்றுமுன் போர்க்களத்தில் ஷெப்பர்டுடன் ஓடிவந்த தோழர் அடுத்த காட்சியில் எங்கோ ஒரு கோளில் வீழ்ந்த நார்மண்டி என்னும் கப்பலினின்று இறங்குகின்றனர். அவர் எப்பொழுது ஏறினர், கப்பல் ஏன் களத்தை விட்டு நீங்கியது என்பன கூறப்படவில்லை. விண்மீன்களிடையே போக்குவரவிற்குரிய பெருவாயில்கள் யாவும் வெடித்துச் சிதறுகின்றன. ஒரு வாயில் சிதைந்தால் அதனைச் சார்ந்த கோள்கள் அனைத்தும் அழியும் என 2011ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பகுதியின் துணைக்கதை காட்டியிருந்தது. அதனை ஆடியோர், காப்பாற்றிய உலகம் முழுவதையும் தாமே கொன்றுவிட்டோமோ எனத் திகைத்தனர். ஆக்கியோர் அவ்வாறு கருதினார் அல்லர். கருதாததைக் கருதுமாறு விட்டமை குன்றக் கூறலின் பயனாகும்.

மாறுகொளக் கூறலோ ஆழத்திற் கிடப்பது. குவேரியன் இனத்தார் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன்னர்த் தம் ஏவலுக்கெனப் படைத்த எந்திரங்கள் கெத் எனப்படும். அவை தம்மைப் பற்றி வினவத் தொடங்கியதும் குவேரியர் அஞ்சி அவற்றை அழிக்க முற்பட்டனர். போரில் தோற்று நாடிழந்தனர். மூன்றாம் பகுதியில் அவர்தம் தாய்க்கோளாகிய ரன்னாக்கில் இருசாராரும் மீண்டும் பொருகின்றனர். முற்பகுதிகளில் ஆடுநர் தக்கவாறு நடந்து, இருசாரார் நம்பிக்கையையும் பெற்றிருந்தால் மட்டும், ஈண்டு அமைதி காணலாம். கெத் இனத்தைச் சேர்ந்த லீஜியன் தன்னை ஈந்து தன்னினத்தார்க்குத் தனியறிவு வழங்குகின்றது. குவேரியர் இல்லம் கட்டக் கெத் துணைநிற்கின்றது. படைக்கப்பட்டவை படைத்தோரை எதிர்த்தே தீரும் என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேறு யாது? அம்மறுப்பை ஈட்டியவர் ஆடுநர். ஆயின் சில மணிநேரத்திற்குப் பின் கேட்டலிஸ்ட் அக்கொள்கையையே உறுதிப்பொருளாக உரைக்கும்பொழுது, ரன்னாக்கை எடுத்துக்காட்டி வாதிட ஷெப்பர்டுக்கு ஒரு சொல்லும் தரப்படவில்லை. தொடர் முழுவதும் பேச்சால் பகைவரை மாற்றிய தலைவன், பேச வேண்டிய இடத்தில் வாயடைத்து நிற்கின்றான்.

இம்முடிவைத் துன்பமுடிவு என்பதற்காக ஆடுநர் வெறுத்தனர் என்று அந்நாளில் பலர் எழுதினர். அது பொருந்தாது. மோர்டின் சாவை அவரே போற்றினர். லீஜியன் மறைவிற்கு அவரே வருந்தினர். துன்பத்தை அவர் மறுக்கவில்லை, தொடர்பின்மையை மறுத்தனர்.

ஆக்கியோர்தம் உரிமையைக் காக்க முன்வந்த திறனாய்வாளர், ஆடுநர் வேண்டுகோளை ஏற்பின் கலை சுவைப்போர்க்கு அடிமையாகிவிடும் என்றனர். ஆர்தர் கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை மாய்த்து, மக்கள் விருப்பிற்கிணங்கி 1903இல் மீட்ட செய்தி அடிக்கடி ஒப்பாகக் காட்டப்பட்டது. அவ்வொப்புமை முழுவதும் பொருந்தாது. ஹோம்ஸ் செய்த எதனையும் படிப்போர் தேர்ந்து செய்யவில்லை. அவர் கண்டார், அவ்வளவே. இங்கோ, ஆடுநர்தம் தேர்வுகள் கதையின் பொருளாகவே ஆக்கப்பட்டுள்ளன. கதைக்குள் வைத்த சான்றைக் கதை தானே மறந்தது என ஒருவர் கூறுவாராயின், அவர் ஆசிரியன் உரிமையில் தலையிடுகின்றார் அல்லர். படைப்பின் பெயரால் பேசுகின்றார். எனினும், சான்று மறக்கப்பட்டது எனக் காட்டும் உரிமை வேறு; முடிவை மாற்றித் தருக எனக் கேட்கும் உரிமை வேறு. முன்னது திறனாய்வு, பின்னது வாணிகன்பால் கூறும் முறையீடு. ஆடுநர் இரண்டையும் ஒரே மூச்சில் கூறினர். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையத்திற்கு முறையீடு செய்தாரும் உளர். விளம்பரக் குற்றமாகக் கொண்ட அளவில் வழக்கு சிறுத்துப்போயிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

அவர்தம் எதிர்ப்பு முழுவதும் அவ்வாறு அமைந்ததன்று. ‘முடிவை மீட்போம்’ என்னும் பொருள்பட ஓர் இயக்கம் நடத்தியோர், நோயுற்ற சிறார்க்குதவும் சைல்ட்ஸ் பிளே அறநிலையத்திற்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தனர். வேறு சிலர் சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஏறத்தாழ 400 சிற்றப்பங்களைப் பயோவேர் அலுவலகத்திற்கு விடுத்தனர். நிறம் மூன்று, சுவை ஒன்றே! நாம் கண்ட மறுப்புரைகளுள் இதனைப் போலச் சுருங்கச் சொல்லி விளங்க வைத்தது வேறில்லை.

இவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது ஆடுநர் சிலர் கண்ட ஒரு விளக்கம். ரீப்பர்கள் அணுகியோரின் உள்ளத்தை மெல்ல வயப்படுத்தும் என்பது தொடரில் நிலைபெற்ற செய்தி. இறுதிக் காட்சி முழுவதும் அவ்வாறு வயப்படும் ஷெப்பர்டின் உள்ளத்தில் நிகழ்வதே என்றும், அழித்தலைத் தேர்வதே விழித்தலாகும் என்றும் அவர் கொண்டனர். தொடக்கத்தில் தோன்றும் சிறுவனைப் பிறர் எவரும் காணாமை, கனவுக் காட்சிகள், அழித்தலைத் தேர்ந்து போதிய படைவலியும் பெற்றிருந்தால் மட்டும் இடிபாட்டினிடையே ஓர் உடல் மூச்செடுப்பது ஆகியவற்றைச் சான்றாக அடுக்கினர். முரண்பட்ட பகுதி ஒன்றைக் கண்டவிடத்து, நூலாசிரியன் பிழைத்தான் என்னாது, முரண் நீங்குமாறு பொருள்கொள்ள முயலும் உரையாசிரியர் நெறியே இது. மூலம் இவ்வுரையைத் தாங்காது என்பது நம் கருத்தாயினும், வெறுப்பினால் இத்தகைய உழைப்பு விளையாது. படைப்பின்மேல் பற்றுமிக்கோரே இவ்வாறு உரை வகுப்பர்.

மார்ச்சுத் திங்களிலேயே நிறுவனத் தலைவருள் ஒருவரான ரே மியூசிகா ஆடுநர் கருத்தை ஏற்று ஆவன செய்வதாக அறிவித்தார். ‘விரித்த முடிவு’ எனப் பொருள்படும் இணைப்பு 2012 ஜூன் 26ஆம் நாள் விலையின்றி வழங்கப்பட்டது. தோழர் கப்பலேறும் காட்சி சேர்க்கப்பட்டது. பெருவாயில்கள் முற்றும் சிதையாது பழுதுற்றனவாகக் காட்டப்பட்டன. ஒவ்வொரு தேர்விற்கும் தனித்தனிப் பின்னுரை அமைந்தது. இவ்வாறு குன்றக் கூறல் நீங்கிற்று. கேட்டலிஸ்டை வினவ மேலும் சில வினாக்கள் தரப்பட்டன. ரன்னாக்கு அவற்றுள் இடம்பெறவில்லை. மாறுகொளக் கூறல் அங்ஙனமே நின்றது.

புதிதாக நான்காம் வழி ஒன்று மட்டும் திறந்தது: மூன்றையும் மறுத்தல். மறுத்தால், அல்லது சிறுவனை நோக்கிச் சுட்டால், அவன் குரல் ரீப்பர் குரலாக மாறுகின்றது, அனைவரும் அழிகின்றனர், லியாரா என்னும் தோழி புதைத்துவைத்த செய்தியே பிற்காலத்தார்க்கு வெற்றி தருகின்றது. தம்மை எள்ளுதற்கே இம்முடிவு இயற்றப்பட்டது என்று சினந்தோர் பலர். நாம் அவ்வாறு கொள்ளோம். கொடுத்த விடைகளுள் ஒன்றையும் கொள்ளாது அதற்குரிய விலையைத் தருதல் என்னும் இதுவே நான்கனுள் ஷெப்பர்டின் இயல்போடு இயைந்து நிற்பது. ஆடுநர் சினத்தினின்று பிறந்த ஒரே நல்ல பகுதி இது. அதனை அவர் ஏலாமை வியப்பே.

பின்வந்த துணைக்கதைகளுள், 2012 ஆகஸ்டில் வந்த ‘லெவயத்தன்’ கேட்டலிஸ்டின் தோற்றத்தை விளக்கியது. 2013 மார்ச்சில் வந்த ‘சிட்டடல்’ தோழர் அனைவரையும் ஒரு விருந்திற் கூட்டி நகைச்சுவையோடு விடைதந்தது. முன்னது முடிவிற்கு எழுதிய பாயிரம் போன்றது. பின்னது முடிவை மறத்தற்கு அளித்த மருந்து. ஆடுநர் மருந்தையே மிக விரும்பினர்.

2021 மே 14ஆம் நாள் மூன்று பகுதிகளும் புதுக்கப்பெற்று ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அதில் விரித்த முடிவே மூலமாக அமைந்துள்ளது. 2012 மார்ச்சு வடிவம் இடம்பெறவில்லை. இத்தொகுப்பின் வழியே முதன்முறை ஆடுவோர், அன்றைய சினத்திற்குக் காரணம் காணாது மயங்குதல் இயல்பு. அவர் கையிலுள்ள பாடம் வேறு. முதற்பாடம் வேண்டுவோர், பின்னிணைப்பு எதனையும் ஏற்றாத பழைய வட்டுகளைத் தேடல் வேண்டும். இவ்விளையாட்டின் வரவேற்பை ஆராயப் புகும் மாணவர், மதிப்புரை ஒவ்வொன்றும் எழுதப்பட்ட நாளைக் குறித்து, எப்பாடத்தைக் கண்டு அது எழுதப்பட்டது என்பதனை முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். 93 என்னும் எண் முதற்பாடத்திற்குரியது.